பொன்னாடை போர்த்திப் பேச்சை நிறுத்திய ராக்காயி

ராக்காயி செய்கிற எந்த இணையத்தளத்தைத் திறந்தாலும் முதலில் தொலைபேசி இலக்கம் வரும். படம், பாட்டு, வரவேற்பு எல்லாம் அதற்குப் பிறகுதான். அப்படிப்பட்டவள் இலங்கை மலையகத்து அட்டனில் நடத்திய இணையத்தளத் தொழில் மாநாட்டில், முதல் உரை தொடங்குவதற்குள் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் வந்துவிட்டது. ரொறன்ரோவில் இருந்து இதை நினைக்கும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவளும் நானும் அட்டனில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். என் அப்பா யாழ்ப்பாணத்தில் இருந்து மாற்றலாகி வந்த கணித ஆசிரியர். அவளுடைய அம்மா நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தார். உயர்தரப் பரீட்சை முடிந்ததும் நான் கனடாவுக்குப் போனேன். அவள் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த மக்பூல் நானாவின் கொமினிகேஷன் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பெயரை ரேகா என்று மாற்றிக்கொண்டால் வாடிக்கையாளருக்குச் சொல்ல வசதியாக இருக்கும் என்று நானாவே சொல்லிப் பார்த்தார்.

"வேணாம் நானா. ராக்காயின்னு கூப்புட்டா நான் ஒருத்திதான் திரும்புவேன். ரேகான்னு கூப்புட்டா பஸ் ஸ்டாண்டே திரும்பும்" என்றாளாம்.

அந்தக் காலத்தில் அவள் ஒன்றை மறுத்ததாக எனக்குத் தெரிந்த சம்பவம் இது ஒன்றுதான். மற்றபடி யார் எதைக் கேட்டாலும் "சரிங்க" என்பாள். அந்தச் 'சரிங்க'தான் பிற்பாடு எங்கள் எல்லோரையும் ஒரு மண்டபத்தில் கட்டிப்போட்டது.

கடையில் வெளிநாட்டு அழைப்புகளுக்கும் போட்டோ கொப்பிக்கும் பக்கத்தில் தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கணினி வந்தது. அடுத்தவர்கள் செய்த இணையப் பக்கங்களைத் திறந்து, பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்தே அவள் தொழிலைக் கற்றுக்கொண்டாள். சந்தேகம் வந்தால் எனக்கு மின்னஞ்சல் வரும். நானும் அதே தொழிலில் இருந்தேன்.

முதல் வாடிக்கையாளர் நுவரெலியாவில் விடுதி நடத்திய ஒருவர். முகப்பில் குத்துவிளக்கு சுழல வேண்டும் என்றார். சரிங்க. கீழே 'நல்வரவு' ஓட வேண்டும். சரிங்க. புல்லாங்குழல் கேட்க வேண்டும், இறம்பொடை அருவி முழுத் திரைக்கும் விழ வேண்டும். சரிங்க, சரிங்க. ஏப்ரல் சீசன் வந்தது. ஒருவர்கூட அழைக்கவில்லை. விடுதிக்காரர் கடை வாசலில் நின்று கத்தினார்.

அவள் ரொறன்ரோவுக்கு அழைத்தாள். "யசோ, அந்தப் பக்கத்த ஒருக்கா தொறந்து பாரு."

நான் அலுவலகத்தில் திறந்தேன். கண் இமைப்பதற்குள் வந்தது. "நல்லாத்தானே இருக்குது?"

"ஒனக்கு நல்லாத்தான் இருக்கும். இங்க நான் தண்ணி சுட வச்சு, தேத்தண்ணி ஊத்தி, குடிச்சே முடிச்சிட்டேன். அருவி இன்னும் பாதிதான் விழுந்திருக்கு. போன் நம்பரு அதுக்கும் கீழ கெடக்கு புள்ள! எவன் அது வரைக்கும் ஒக்காந்திருப்பான்?"

அன்றைக்கு விளக்கையும் குழலையும் வெட்டி எறிந்து, இலக்கத்தை மேலே தூக்கிப் போட்டாள். விடுதிக்காரர் ஒரு வாரம் அழாத குறை. அதற்குப் பிறகு அறைகள் நிறைந்தன. ராகலை, கொட்டகலை என்று மற்ற விடுதிக்காரர்களும் அவளைத் தேடி வந்தார்கள். கடையின் மெதுவான தொலைபேசி லைனில் திறக்காத எதையும் அவள் வெளியே விடுவதில்லை.

இதெல்லாம் கொழும்பில் ஒரு நிறுவனத்தின் காதுக்குப் போனது. அங்கே ஆட்களைப் பொறுக்குகிறவர் தர்சன். வெள்ளவத்தையில் வளர்ந்த பிள்ளை, நல்ல மனிதர், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவர். கொழும்புக்கு வந்தால் வேலை தயார் என்றார். ராக்காயி அட்டனில் இருந்தே செய்கிறேன் என்றாள்.

"அந்த லைன வச்சுக்கொண்டு எங்கட வேலைய எப்பிடிச் செய்வீங்க?" என்று தர்சன் கேட்டார்.

"நேருல வாங்க சார், காட்டுறேன்."

எனக்கு அவள் சொன்ன விளக்கம் வேறு. "நான் கொழும்பு போனா கொழும்புக்கு இன்னொரு ஆளு, அவ்வளவுதான். இங்க இருந்து செஞ்சா அட்டன்ல அப்புடி ஒரு வேல இருக்குன்னு ஆகும். எனக்குப் பின்னால வர்ற புள்ளைங்களுக்கு அது வேணும் யசோ."

நேரில் காட்டுவதற்கு ஒரு மேசையும் கணினியும் போதும். ஆனால் இவள் மாநாடு வைத்தாள். எப்படியும் தர்சன் வருகிறார், படிக்கிற பிள்ளைகளும் கேட்கட்டுமே என்று யோசித்தாளாம். மூன்று உரைகள். கண்டியில் இருந்து ஆரூரன் என்ற விரிவுரையாளர் தகவல் தளங்களைப் பற்றி. கனடாவில் இருந்து நான், பக்கத்தின் உள்ளடக்கத்தையும் அலங்காரத்தையும் பிரித்து எழுதுவது பற்றி. கடைசியாக ராக்காயி: மெதுவான லைனுக்கு ஏற்ற பக்கம். தர்சன் பிற்பகல் ரயிலைப் பிடிக்க வேண்டும். அதற்குள் அவள் பேசினால் வேலை அட்டனுக்கு வரும். பேசாவிட்டால் கொழும்புக்குப் போவதா, விடுவதா என்று அன்றைக்கே சொல்லியாக வேண்டும்.

2005 ஆகஸ்டில் நான் வந்து இறங்கினேன். மழை. மண் சரியுமா, மின்சாரம் போகுமா, என் மடிக்கணினி நனையுமா என்று கவலைப்பட்டுக்கொண்டே அட்டன் வரை வந்தேன். எதற்குக் கவலைப்பட வேண்டுமோ அதை மட்டும் விட்டுவிட்டேன். கடையில் என் கையில் அழைப்பிதழைக் கொடுத்தாள்.

மங்கல விளக்கேற்றல், தமிழ் வாழ்த்து, மௌன அஞ்சலி, வரவேற்பு நடனம், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை, பிரதம அதிதி உரை. எங்கள் மூவரின் பெயர்களும் அடியில், அச்சகத்தின் பெயருக்குச் சற்று மேலே கிடந்தன.

"ராக்காயி, போன் நம்பர் எங்க?" என்றேன்.

அவளுக்குப் புரிந்தது. முகம் சுருங்கியது. "என்னா செய்யச் சொல்ற? மண்டபம் சின்னத்தம்பி அண்ணன் எடுத்துக் குடுத்தாரு. புரொஜெக்டர் குணரத்தினம் சார் சொல்லி வந்துச்சு. ஆள் சேக்குறது வீரய்யா அண்ணன். ஒரு வார்த்த பேசுங்கன்னு கூப்புடாம இருக்க முடியுமா?"

"ஒரு வார்த்தையோட நிப்பாட்டுவினமா?"

மக்பூல் நானா காசுப் பெட்டிக்குப் பின்னால் இருந்து சிரித்தார். "மகள், இவங்க மைக்கப் புடிச்சா வுடுற ஆக்கள் இல்ல. நான் பேச மாட்டேன்னு சொல்லீக்கி. அதான் என்ட பங்கு."

அந்த ஊரில் அன்றைக்கு அதைவிடப் பெரிய உதவியை யாரும் செய்யவில்லை.

மாநாட்டன்று காலை மண்டபம் நிறைந்தது. பொகவந்தலாவை, மஸ்கெலியா என்று எங்கெங்கோ இருந்து பிள்ளைகள் விடிவதற்கு முன் பஸ் ஏறி வந்திருந்தார்கள். தர்சன் முன்வரிசையில் பையை மடியில் வைத்தபடி இருந்தார். பிரதம அதிதியான சின்னத்தம்பியைக் காணவில்லை. தொழிற்சங்க ஒன்றின் பிரதேசத் தலைவர் அவர். அவர் வராமல் விளக்கேற்ற முடியாது, விளக்கேற்றாமல் எதையும் தொடங்க முடியாது. பிள்ளைகள் கைகளை உரசிக்கொண்டு குளிரில் காத்திருந்தார்கள். அவர் வந்து சேர்ந்தபோது விளக்குக்கு ஐந்து முகம், மேடையில் ஆறு பிரமுகர். ஆறாமவருக்காக ஒரு திரி தனியாகத் திரிக்கப்பட்டது. ஈரத்தில் அது பிடிக்கவே இல்லை. அவர் ஏற்றும் வரைக்கும் நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றோம்.

குணரத்தினம் மாஸ்டர் ஆசியுரைக்கு எழும்பினார். ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி, அப்பாவின் நண்பர், நான் முகம் சுளிக்கக்கூட முடியாதவர்.

"பிள்ளையள், நான் ரெண்டே ரெண்டு விசயம்தான் சொல்லப் போறன்" என்று தொடங்கினார். முதலாவது விசயம் கணினி வந்து கையெழுத்தைக் கெடுத்தது. அது முடிவதற்குள் ஆரூரன் தன் உரையில் பாதியை மனத்துக்குள் வெட்டிவிட்டார். இரண்டாவது விசயத்தைப் பிரதம அதிதி பேசிய பிறகு வந்து சொல்வதாக மாஸ்டர் அறிவித்துவிட்டு அமர்ந்தார்.

பார்சல்கள் வந்தன. பிரமுகர்களும் கை நனைத்த அந்த இடைவெளியில், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு முன்னால் ஆரூரன் தன் உரையைத் தலைப்புகளாக வாசித்தார். "அடுத்தது... இதையும் விடுவம்... அடுத்தது" என்று அவர் படங்களைத் தள்ளிய வேகத்தில் எனக்குத் தலை சுற்றியது. பாவம், இறங்கும்போது அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டல், படம், முடிந்தது.

பிறகு சின்னத்தம்பி.

தெருவைப் பற்றிப் பேசினார். தண்ணீர்க் குழாய். சம்பளப் பேச்சுவார்த்தை. "இந்த இன்டர்நெட்டப் பத்தி எனக்குத் தெரியாதுன்னு யாரும் நெனைக்காதீங்க. நான் ஜெனீவா மாநாட்டுக்குப் போனப்ப இன்டர்நெட்ட நேருலேயே பாத்தவன்!"

பின்வரிசையில் ஒரு பெண் பிள்ளை தாவணியை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள். தர்சன் எழுந்து மேடை ஓரத்துக்கு வந்தார். அங்கே ராக்காயி பொன்னாடைத் தட்டுடன் நின்றிருந்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"மிஸ் ராக்காயி, எனக்குக் கோச்சி பிடிக்க வேணும். உங்கட பேச்சு எப்ப?"

"இந்தா, இவரு முடிச்சதும் சார்."

"இவர் முடிப்பாரா?"

தர்சன் கதிரைக்குத் திரும்பிப் போய்ப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "உன்ர பேச்சக் கேக்கத்தான் அந்த மனுசன் கொழும்பில இருந்து வந்தவர். போய் நிப்பாட்டு."

"எப்புடிப் புள்ள? பேசிக்கிட்டிருக்கிற மனுசன மேடையில போயி நிறுத்துறதா?"

"அப்ப கொழும்புக்கே போய்ச் சேர். உன்ர சரிங்கவ அங்கயும் எல்லாரும் கேப்பினம்."

கோபத்தில் சொல்லிவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கையில் இருந்த தட்டைப் பார்த்தாள். பேசி முடித்தவருக்குப் போர்த்துவதற்காக மடித்து அடுக்கி வைத்திருந்த சரிகைக் கரைத் துணிகள். எங்கள் ஊர் மேடைகளில் பொன்னாடை தோளில் விழுந்தால் பேச்சு முடிந்தது என்று கணக்கு. போர்த்தப்பட்டவர் கும்பிட வேண்டும், படத்துக்குச் சிரிக்க வேண்டும், இறங்க வேண்டும். அதற்குப் பிறகு பேசியவர் எவரையும் நான் கண்டதில்லை.

அவள் மேடைக்கு ஏறினாள்.

"...ஆகவே தோழர்களே, ஜெனீவாவில அன்னைக்கு நான் கேட்ட முதலாவது கேள்வி—"

துணி தோளில் விழுந்தது. பின்னால் மக்பூல் நானா முதலில் கைதட்டினார். அப்புறம் பிள்ளைகள் எல்லோரும். படம் பிடிப்பவர் ஓடி வந்து வெளிச்சம் அடித்தார். சின்னத்தம்பியின் கைகள் அவரைக் கேட்காமலே கும்பிட்டன. வாய் சிரித்தது. என்ன நடந்தது என்று விளங்குவதற்குள் அவர் கதிரையில் இருந்தார்.

குணரத்தினம் மாஸ்டர் தன்னுடைய இரண்டாவது விசயத்துடன் எழும்பிக்கொண்டிருந்தார். அவர் முழுதாக நிமிர்வதற்குள் போர்த்திவிட்டாள். "நான் இன்னும்..." என்றவர் கைதட்டலைக் கேட்டதும் நெகிழ்ந்துபோய்க் கும்பிட்டார். வாழ்த்துரைக்குக் காத்திருந்த மற்றப் பிரமுகர்களுக்கும் அதே கதிதான்.

அதோடு நிற்கவில்லை. நன்றியுரை சொல்லவிருந்த வீரய்யா மைக்கை நோக்கி வந்துகொண்டிருந்தார். அவர் நன்றி சொன்னால் ஒலிபெருக்கிக்காரருக்கும் வாசலில் நிற்கிற மரத்துக்கும் சேர்த்துச் சொல்லுவார். பொகவந்தலாவை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் இப்போதே முடித்துவிடத் தீர்மானித்திருந்தார். தட்டில் ஒரே ஒரு துணி மிச்சம்.

ராக்காயி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "யசோ, இது ஒனக்கு வாங்குனது."

"எனக்கு ரொறன்ரோவில என்னத்துக்கு? போர்த்து, போர்த்து!"

ரயிலுக்கு முன் மிஞ்சிய நேரத்தில் இரண்டு உரைகளுக்கு இடமில்லை; அந்தத் துணியோடு என் உரையும் போனது. மாதக்கணக்காகத் தயாரித்து, விமானத்தில் திருத்தி, மழையில் அணைத்துக்கொண்டு வந்த உரை. அதைப் பற்றி அவள் இன்றைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தர்சன் கதவடிக்குப் போயிருந்தார். மைக் கடைசியில் ராக்காயியின் கைக்கு வந்தது. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"தர்சன் சார், இத மட்டும் பாத்துட்டுப் போங்க" என்றாள். கடையில் இருந்து தெருவைக் கடந்து இழுத்து வந்திருந்த தொலைபேசிக் கம்பி கணினியில் இருந்தது. லைன் கிரீச்சிட்டு இணைந்தது. திரையில் நுவரெலியா விடுதியின் பழைய பக்கம் வரத் தொடங்கியது. குத்துவிளக்கின் மேல் நுனி. நாங்கள் காத்திருந்தோம். 'நல்வரவு' என்பதில் 'நல்' வந்தது. பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள். அருவி ஓர் அங்குலம் இறங்கி நின்றது.

"போன் நம்பரு எங்க?" என்று கேட்டாள் ராக்காயி. "காலையில இருந்து நம்மளும் வெளக்கத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம். ஒரு புள்ள மஸ்கெலியாவுல இருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கு. அதுக்கு வேண்டியது இன்னும் வரல. இந்த அழைப்பிதழச் செஞ்சவ நான்தான். அதனால யாரும் மொறைக்க வேணாம்."

சின்னத்தம்பி முறைத்துக்கொண்டுதான் இருந்தார்.

அவள் புதிய பக்கத்தைத் திறந்தாள். இலக்கம் உடனே வந்து உட்கார்ந்தது. மண்டபத்தில் ஒரு சலசலப்பு. கதவடியில் தர்சன் பையை இறக்கி வைத்தார். அவள் படத்தை எப்படிச் சுருக்குவது, எதை முதலில் அனுப்புவது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினாள். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். பிறகு தர்சனை நேராகப் பார்த்தாள்.

"லைன் மோசம்னு சொன்னீங்க. மோசந்தான். ஆனா சார், ஒங்க கொழும்பு ஆபீசுல எல்லாமே நல்லாத்தான் தொறக்கும். அதுல எது பழுதுன்னு ஒங்களுக்கு எப்புடித் தெரியும்? இந்த லைன்ல—"

துணி அவள் தோளில் விழுந்தது.

வீரய்யா. தன் தோளில் இருந்ததை எடுத்து அவளுக்குப் போர்த்திவிட்டு, பஸ் நேரத்தைக் காட்டிக் கையை அசைத்தார். வழக்கப்படி எல்லோரும் கைதட்டினார்கள். படம் பிடிப்பவர் ஓடி வந்தார். பிள்ளைகள் பைகளைத் தூக்கினார்கள், கதிரைகள் இழுபட்டன. தர்சனும் குனிந்து பையை எடுத்தார். ராக்காயியின் கைகள் கும்பிடுவதற்குப் பாதி தூக்கியபடி நின்றன. எனக்கு அழுகை வந்தது. கேட்டதற்கெல்லாம் சரிங்க சொன்னவள், இதற்கும் சொல்லிவிடுவாள்.

அவள் கைகளை இறக்கினாள். துணியைக் கழுத்தைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நல்லதாப் போச்சு வீரய்யா அண்ணே, குளிருதுதான். இப்ப ஒக்காருங்க. எனக்கு இன்னும் முடியல."

"பஸ் போயிரும் தங்கச்சி!"

"போகாது" என்று மேடையில் இருந்து ஒரு குரல். சின்னத்தம்பி கைத்தொலைபேசியைக் காதில் வைத்திருந்தார். "டிப்போவுக்குத்தான் பேசுறேன். நான் சொல்ற வரைக்கும் எடுக்க மாட்டானுங்க. ஏம்மா, மோசமான லைன்ல என்னா? சொல்லித் தொலை. என்னையத்தான் பாதியில நிறுத்திட்ட, நீயாவது முடி."

அவள் முடித்தாள். அட்டனில் திறக்கிற பக்கம் உலகத்தில் எங்கும் திறக்கும். அவள் அட்டனைவிட்டுப் போனால் அதைப் பரீட்சித்துப் பார்க்க அந்த நிறுவனத்தில் ஆள் இருக்காது. சொன்னது இவ்வளவுதான். கீழே ரயில் கூவிக்கொண்டு போனது. தர்சன் அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தார், பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"மூண்டு மாசம் இங்க இருந்தே செய்து பாருங்கோ" என்று அவர் இறங்கிப் போகும்போது சொன்னார். மூன்று மாதம் நிரந்தரமாகியது. மக்பூல் நானாவின் கடைக்கு மேலே ஓர் அறை, அவளோடு இரண்டு பெண்கள். கொழும்பில் செய்கிற பக்கங்களும் அவள் லைனில் திறந்து பார்த்த பிறகுதான் வெளியே போகின்றன. திறக்காவிட்டால் திருப்பி அனுப்புகிறாள். அங்கே உள்ளவர்கள் அவளைத் திட்டுகிறார்களாம். எனக்குச் சந்தோசம்.

இனியாவது திருந்தியிருப்பாள் என்று நினைத்தேன். அடுத்த வருட மாநாட்டு அழைப்பிதழை மின்னஞ்சலில் அனுப்பினாள். பிரமுகர்கள் பட்டியல் நீண்டிருந்தது. தர்சனும் இப்போது விசேட அதிதி. ஆனால் முதல் நிகழ்ச்சியாக, விளக்கேற்றலுக்கும் முன்னால், 'அதிதிகளுக்குப் பொன்னாடை போர்த்தல்' என்று போட்டிருந்தாள். எல்லோரையும் தொடங்கும்போதே முடித்துவிடும் யோசனை. நான் ரொறன்ரோவில் தனியாகக் கைதட்டினேன்.

மாநாடு முடிந்த அன்று அழைத்தேன். "எப்பிடிப் போச்சுது? வேலை செய்ததா?"

மறுபக்கம் நீண்ட பெருமூச்சு. "எங்க புள்ள. சின்னத்தம்பி அண்ணனுக்குத்தான் மொதல்ல போத்துனேன். கும்புட்டாரு, சிரிச்சாரு. அப்புறம் கழுத்தச் சுத்தி இழுத்து விட்டுக்கிட்டு, 'நல்லதாப் போச்சு, குளிருதுதான்'னு மைக்கப் புடிச்சாரு."

"பிறகு?"

"ஜெனீவாவுல கேட்ட முதலாவது கேள்வி என்னான்னு இப்ப ஊருக்கே தெரியும்."